மருந்துச் சீட்டு

ஆடி அமாவாசையன்று காலையில் ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பெரியதம்பி தன் தம்பி தேவநாதனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான். கரையில் நின்றிருந்த தாய் குப்பம்மாள், "இன்னும் ஒரு கை ஊத்துடா, சின்னதுலருந்தே அவன் தண்ணி நெறைய குடிப்பான்" என்றாள். அவளுக்குப் பின்னால் எள் வைத்த பித்தளைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வெள்ளைச் சேலையில் நின்றவள் அம்சா, தேவநாதனின் பெண்டாட்டி. தேவநாதன் சாகவில்லை, எங்கேயோ ஜப்பான்காரன் காவலில் உயிரோடு இருக்கிறான் என்பது அந்த ஏரிக்கரையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எள் தண்ணீரில் மிதந்து போவதையும் மீன்குஞ்சுகள் வந்து அதைக் கொத்துவதையும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஊற்றுங்கள், நன்றாக ஊற்றுங்கள், உயிரோடு இருக்கிறவனுக்கு எள் இறைக்கிற குடும்பம் திண்டிவனம் தாலுக்காவிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"எள்ளு போதுமா மாமா, இன்னும் எடுத்தாரட்டா?" என்று கேட்டாள்.

"போதும்மா" என்றான் பெரியதம்பி. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜக் கண்ணீர்தான். அதைப் பார்க்கத்தான் அவள் எள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

புருஷன் உயிரோடு இருப்பது தெரிந்தும் ஒருத்தி வாயைத் திறக்காமல் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நிற்பாளா என்று கேட்பீர்கள். அம்சா நின்றாள். ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, ஏறக்குறைய இரண்டரை வருஷம் நின்றாள். அவளுக்குச் செய்ததை உங்களுக்குச் செய்திருந்தால் நீங்களும் நின்றிருப்பீர்கள், இல்லாவிட்டால் கிணற்றில் விழுந்திருப்பீர்கள். அவள் கிணற்றில் விழுகிற ஜாதி இல்லை.

அவள் பிறந்த ஊர் விழுப்புரம். அப்பா முத்துசாமி ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திநாலில் கல்யாணம். திண்டிவனத்துக்கும் திருவக்கரைக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரில், ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து முதல்முதலாக மெட்ராசுக்குப் போய் வைத்தியம் படித்தவன் தேவநாதன். படித்ததும் பட்டாளத்தில் சேர்ந்து ஜமேதார் டாக்டர் ஆகிவிட்டான். செகந்திராபாத் கண்டோன்மெண்டில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். அங்கே சிப்பாய்களின் பெண்டாட்டிமார் புண், கட்டி, சுட்ட காயம் என்று வந்தால் ஆம்பிளை டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்பார்கள். அதனால் தேவநாதன் பெண்டாட்டிக்கே கட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தான். சாமணம் என்கிற சின்ன இடுக்கியைக் கொதிக்கவைப்பது, பர்மாங்கனேட் தண்ணீரை வெளிர் ரோஸ் நிறத்துக்குக் கலப்பது, லிண்ட் துணி வெட்டுவது. "உள்ளருந்து வெளிய தொடைக்கணும் அம்சா. வெளியருந்து உள்ள தொடைச்சா அழுக்க நீயே உள்ள தள்ற மாதிரி" என்பான். புட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளை வைத்துத்தான் அவள் இங்கிலீஷ் எழுத்தே படித்தாள். அயோடின், போரிக், விஷம். மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆறு வருஷத்தில் எழுத்துக் கூட்டி எதையும் வாசித்துவிடுவாள். பிள்ளைதான் தங்கவில்லை. அதற்கும் தேவநாதன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நாற்பத்தொன்று தை மாதம் அவனை மலேயாவுக்கு அனுப்பினார்கள். அவளைக் கொண்டுவந்து தாயிடம் விட்டான். கூடவே தன் மருந்துத் தகரப்பெட்டியையும் விட்டான். திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது, "ஊர்ல எல்லாரும் உன்ன டாக்டரம்மான்னுதான் கூப்புடுவாங்க, பேரக் காப்பாத்து" என்று சிரித்தான். நிஜமாகவே ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. ஒரு வருஷம் கழித்துச் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு நான்கு மாதம் கழித்துத் தந்தி வந்தது, ஆளைக் காணவில்லை என்று.

காணவில்லை என்றுதான் போட்டிருந்தது. அம்சா அதை மூன்று முறை வாசித்தாள், பெரியதம்பிக்கும் வாசித்துச் சொன்னாள். அப்போது யாரும் அவனைச் செத்தவன் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் குப்பம்மாளுக்குக் கனவு வர ஆரம்பித்தது. மகன் கடல் நடுவே நின்றுகொண்டு தாகமாக இருக்கிறது என்று கையை நீட்டுகிறானாம். பெரியதம்பியின் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் குறித்திருந்தார்கள். காரியம் செய்யாத சாவு வீட்டில் இருக்கும்போது பந்தல் போடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். தாய்க்குக் கனவு, மூத்த மகனுக்குப் பெண்ணின் கல்யாணம். இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்ததும், ஆண்டு ஒன்று ஆயிற்றே, இனி எங்கே வரப்போகிறான் என்று ஊரும் தலையாட்டியது.

"காணலன்னுதான் மாமா போட்டுருக்குது. செத்தாருன்னு போடல" என்றாள் அம்சா.

"குண்டு போட்ட எடத்துல காணலன்னா இன்னாம்மா அர்த்தம்? நீ படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா?"

நாற்பத்திமூன்று மாசியில் காரியம் செய்தார்கள். வைக்கோலில் ஆள் கட்டி, தேவநாதன் விட்டுப்போன காக்கிக் கோட்டை அதற்கு மாட்டி, மேளம் வைத்து எடுத்துப்போய்க் கொளுத்தினார்கள். அந்தக் கோட்டை அம்சாதான் இஸ்திரி போட்டு நாப்தலின் உருண்டை போட்டு மடித்துவைத்திருந்தாள். பதினாறாம் நாள் காலையில் அவளுக்குத் தலைநிறையப் பூ வைத்து, கைநிறைய வளையல் அடுக்கி, மஞ்சள் பூசி ஏரிக்கரைக்கு இழுத்துப்போனார்கள். இழுத்துத்தான் போனார்கள். நாலு பெண்கள் பிடிக்க வேண்டியிருந்தது. தாலியை அறுக்க வேண்டியவள் ஏற்கெனவே தாலி இழந்தவளாக இருக்கணும். குப்பம்மாளே முன்னால் வந்தாள்.

அம்சா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உங்க புள்ள உசுரோட இருக்காரு. எனக்குத் தெரியும். வேணாம் அத்தை" என்றாள்.

"என் புள்ள தண்ணியில்லாம நிக்கிறான்டி. உன் கழுத்துல இது கெடக்கற வரிக்கும் அவன் அந்த எடத்த உட்டு நகர மாட்டான். அவனப் போவ உடு" என்றாள் குப்பம்மாள். சொல்லிக்கொண்டே மருமகளின் கொண்டையைப் பிடித்துத் தலையைக் குனியவைத்து, கதிர் அறுக்கிற அரிவாளால் கயிற்றை அறுத்தாள். அரிவாள் நுனி கழுத்தில் கீறி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அந்த இடத்தில் சின்னத் தழும்பு நின்றுவிட்டது. போகக்கூடாது என்றுதானே அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று அம்சா கத்தினாள். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

விழுப்புரத்திலிருந்து கோடிச் சேலையோடு வந்த அப்பா, "வந்துரும்மா, நம்ம ஊட்டுக்குப் போயிர்லாம்" என்றார். அவள் மாட்டேன் என்றாள். போனால் இவர்கள் முகத்தை யார் பார்ப்பது என்று தோன்றிவிட்டது. அன்றையிலிருந்து அவளை ஊரில் டாக்டரம்மா என்று யாரும் கூப்பிடவில்லை. தபால்காரர் கண்ணையனைத் தவிர.

கண்ணையன் திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஆனி மாதம் ஒருநாள் அம்சா மல்லாட்டைக் கொல்லையில் தனியாகக் கடலைச் செடிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, "டாக்டரம்மா, உங்களுக்குத் தபால்" என்று ஒரு கார்டை நீட்டினார். அழுக்கான, கெட்டியான கார்டு. இங்கிலீஷில் அச்சடித்த வரிகள், நடுநடுவே இடம் விட்டு, அந்த இடங்களில் மட்டும் கையால் எழுதியிருந்தது. நான் ஜப்பானியப் படையின் காவலில் இருக்கிறேன். என் உடல்நிலை நன்றாக இருக்கிறது. தயவுசெய்து இன்னாரைக் கவனித்துக்கொள்ளவும். இன்னார் என்ற இடத்தில் 'அம்மா' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவள் மருந்துச் சீட்டுகளில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். கார்டில் தேதி இல்லை.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். கண்ணையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அழுது முடித்ததும் ஓடிப்போய்ச் சொல்லத்தான் எழுந்தாள். இரண்டு வரப்பு தாண்டியிருப்பாள். தூரத்தில் வீட்டுக் கூரை தெரிந்தது. கல்யாணத்துக்குப் போட்ட பந்தலின் மூங்கில்கள் இன்னும் பிரிக்காமல் நின்றன. அந்தக் கல்யாணத்தின்போது அவளைக் கண்ணில் படாதே என்று மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்திருந்தார்கள். சொன்னால் என்ன ஆகும்? கிழவி மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், அம்மனுக்குப் பொங்கல் வைப்பாள், ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். நல்லதுக்குத்தானே செய்தோம் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்க அவளால் முடியாது. அவரே வரட்டும். காக்கி உடுப்பில், பூட்ஸ் காலோடு வந்து வாசலில் நிற்கட்டும். என் பெண்டாட்டி ஏன் இப்படி இருக்கிறாள் என்று அவர் வாயால் கேட்கட்டும். அப்போது இந்தக் கிழவியின் முகத்தை நான் பார்க்கணும்.

திரும்பி வந்தாள். "அண்ணே, இந்தக் கார்டு வந்தது யாருக்கும் தெரியக் கூடாது."

கண்ணையன் திகைத்துப் பார்த்தார். "பெரியவங்களுக்குக்கூடவா? பெத்தவங்களாச்சே."

"எனக்கு வந்த தபால்தானே?"

"ஆமா. விலாசத்துல யாரு பேரு இருக்குதோ அவங்களோடதுதான்" என்றார் அவர், இஷ்டமில்லாமல். "என் வாயிலருந்து வராது. ஆனா நீங்க பண்றது எனக்கு சரியாத் தோணலம்மா."

கார்டைத் தகரப்பெட்டியில் லிண்ட் சுருளுக்கு அடியில் வைத்தாள். அதன்பின் அவளுக்கு வெள்ளைச் சேலை பாரமாக இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், பிடித்துக்கூடப் போயிற்று. ஒவ்வொரு அமாவாசைக்கும் குப்பம்மாள் மகனுக்குப் பிடித்த காராமணிக் குழம்பு வைத்துக் கூரைமேல் இலையில் போடுவாள். காக்கா வந்து கொத்தும். "வந்துட்டான், சாப்ட்டுக்கினு இருக்கான் பாரு" என்பாள். "ஆமா அத்தை, நல்லா சாப்புடறாரு" என்பாள் அம்சா. மாசியில் முதல் திதி வந்தது. அதற்கு வேண்டியதையெல்லாம் அவளே முன்னின்று எடுத்துவைத்தாள். எதற்கும் குறை வைக்கவில்லை. இவர்கள் செய்வது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லட்டும் என்று இருந்தாள். சில நாள் மட்டும், தனியாக இருக்கும்போது, தேதி இல்லாத கார்டாயிற்றே என்று நினைத்துக்கொள்வாள். எழுதிய பிறகு ஏதாவது ஆகியிருந்தால்? அப்போது பெட்டியைத் திறந்து ஒருமுறை கையெழுத்தைப் பார்த்துவிட்டு மூடுவாள்.

நாற்பத்திநான்கு ஐப்பசியில் குப்பம்மாளுக்கு வலது காலில் கருவேல முள் ஏறியது. அவளுக்கு நீரிழிவு உண்டு. முள்ளை எடுத்தபின்னும் புண் ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஊர் வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார், சீழ் பிடித்தது. மண்ணாங்கட்டி என்கிற கிழவன் இதே மாதிரிப் புண்ணில் செத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியதம்பி மூலையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அம்சா வேறு கணக்குப் போட்டாள். இவள் செத்துப்போய்விட்டால் நான் யார் முகத்தைப் பார்ப்பது? ஒரு வருஷத்துக்கு மேலாக யாருக்காகக் காத்திருக்கிறேன்? அன்றைக்கே தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாமியார் காலடியில் உட்கார்ந்தாள். சாமணத்தைக் கொதிக்கவைத்தாள். உள்ளேயிருந்து வெளியே துடைத்தாள். செத்த சதையை நூல் நூலாக எடுத்தாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தினம் இரண்டு கட்டு. அரிசிச் சோற்றை நிறுத்திக் கேப்பைக் களி மட்டும் கொடுத்தாள். வெல்லத்தை ஒளித்துவைத்தாள். கிழவி கெஞ்சினாலும் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் புண் ஓரமெல்லாம் சிவந்து நல்ல சதை வர ஆரம்பித்தது. தாலி அறுத்த மாமியாருக்கு இப்படி ஒரு மருமகளா என்று ஊரே வாயில் விரல் வைத்தது. அம்சா அதைக் கேட்டுக்கொண்டே கட்டை இறுக்குவாள். கார்டிலும் அப்படித்தானே போட்டிருக்கிறது, அம்மாவைக் கவனித்துக்கொள்ளவும் என்று. கவனித்துக்கொண்டாள். ஆட்டுக்கிடாவுக்குத் தழை போடுகிறவர்களும் கவனித்துக்கொண்டுதான் போடுகிறார்கள்.

ஒருநாள் கட்டுப் போடும்போது லிண்ட் சுருள் உருண்டு, கார்டு வெளியே தெரிந்தது. குப்பம்மாள் குனிந்து எடுத்துவிட்டாள்.

"இன்னாடி இது?"

அம்சாவின் கை நின்றது. "மருந்துச் சீட்டு அத்தை."

"அவன் எழுதினதா?"

"ஆமா. அவரு எழுத்துதான்."

கிழவிக்கு எழுத்துத் தெரியாது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "என் புள்ள கை பட்டது" என்றாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, அழுக்காகிவிடப் போகிறது, உள்ளே வை என்று திருப்பிக்கொடுத்தாள். அம்சா வாங்கி வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலக் கட்டை அவள் இரண்டு முறை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான். மறுநாள் சரியாகிவிட்டது.

கால் முக்கால்வாசி ஆறினபிறகு தைப் பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியிடம் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். வழியில், அந்தப் பக்கமெல்லாம் கிடக்கிற, கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டு ஒன்றின்மேல் கிழவியை உட்காரவைத்துக் கட்டை இறுக்கிக் கட்டினாள். கோயிலில் குப்பம்மாள், மகன் ஆத்மா குளிரணும் என்று வேண்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டாள். அம்சா பக்கத்தில் நின்று, தாயே, அவர் வருகிற வரைக்கும் இவளைச் சாகவிடாதே என்று வேண்டிக்கொண்டாள். ஒரே சூடத்துக்கு இரண்டு பேரும் கும்பிட்டார்கள்.

காளி என்ன நினைத்தாளோ. நாற்பத்தைந்து சித்திரையில் கிழவிக்குக் குளிர்ஜுரம் கண்டது. ஆறின புண் ஒரே வாரத்தில் கறுத்தது. அம்சா மூன்று நாள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நாலாம் நாள் மத்தியானம் கிழவிக்குத் தெளிவு வந்தது. பெரியதம்பி வண்டி பார்க்கப் போயிருந்தான். அறையில் இரண்டு பேர்தான்.

"அம்சா, நான் அவன்கிட்டத்தான் போறேன். பயமில்ல. அங்க நிப்பான். நீ இன்னா சொல்லி உடற, சொல்லு. சொல்றேன்."

அம்சா தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். இதுதான் நேரம். உன் பிள்ளை அங்கே இல்லை, இங்கேதான் இருக்கிறான், உயிரோடு இருக்கிறவன் தாலியைத்தான் நீ அறுத்தாய் என்று சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் இந்தக் கிழவிக்கு வேறு எதுவும் காதில் விழாது. வெட்கமும் வராது, குற்றமும் உறைக்காது. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே செத்துவிடுவாள். இவளுக்கா அந்தச் சந்தோஷம்? என் கொண்டையைப் பிடித்துக் குனியவைத்தவளுக்கா?

"ஒண்ணுமில்ல அத்தை. தண்ணி குடிங்க" என்றாள்.

குடித்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பிணத்துக்கு முன்னால் அம்சா அழுத அழுகையைப் பார்த்து ஊர் உருகியது. அவள் ஏமாந்துபோனதற்கு அழுதாள் என்பது யாருக்குத் தெரியும்? அதற்கு மட்டும்தான் அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

ஆவணியில் சண்டை முடிந்தது. கார்த்திகைப் பிறப்பன்று காலையில், தேவநாதன் திண்டிவனத்தில் ரயிலைவிட்டு இறங்கி ஒரு மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தான். பாதி ஆளாக வந்தான். காக்கி உடுப்பு கொக்கியில் மாட்டின மாதிரி தொங்கியது. ஊர் எல்லையிலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். பெரியதம்பி அலறிக்கொண்டு ஓடிப்போய்த் தம்பி காலில் விழுந்தான். அம்சா கூடத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஏறக்குறைய இரண்டரை வருஷம் காத்திருந்த சத்தம். கேட்கவேண்டிய இன்னொரு குரல் அதில் இல்லை.

காரியம் செய்யப்பட்டவன் அப்படியே வீட்டுக்குள் வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். செத்தவன் மறுபடி பிறந்துதான் வரணும். புதுப்பானைத் தண்ணீரில் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, பெற்றவள் மடியில் வைத்து, பச்சைப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்துப் பேர் சொல்லணும். அதன்பிறகு தன் பெண்டாட்டிக்கே புதிதாகத் தாலி கட்டணும். அதுவரைக்கும் பெண்டாட்டி அவன் கண்ணில் படக்கூடாது. ஒரு நாள் முழுக்க அவனைக் களத்துமேட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். தாய் செத்ததை அங்கேதான் சொன்னார்கள். சோற்றைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

மறுநாள் காலை களத்துமேட்டில் ஊர் கூடியது. பூசாரி குளிப்பாட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றினார். பெற்றவள் மடிக்கு எங்கே போவது? அவன் அக்கா அம்மணியை மணையில் உட்காரவைத்தார்கள். வா தம்பி என்று அவள் மடியைத் தட்டினாள். தேவநாதன் நகரவில்லை. சுற்றி நின்ற ஊர்ச்சனங்களைப் பார்த்தான்.

"கார்டு போட்டேனே. நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சும் எனக்குக் கருமாதி பண்ணுனீங்களா?"

"இன்னா கார்டு?" என்றான் பெரியதம்பி.

"மூணு வருசத்துல ஒரே ஒரு கார்டுதான் குடுத்தாங்க. அதுல அம்மாவப் பாத்துக்கன்னு எழுதுனேன். என் கையில மருந்து ஒண்ணுமில்ல, தெனம் ரெண்டு பேரு மூணு பேரு என் கண்ணு முன்னாடி செத்தாங்க. அம்மாவுக்கு நான் இருக்கறது தெரியும், தெரியும்னு சொல்லிக்கினேதான் நான் கெடந்தேன்."

"சத்தியமா வரல தம்பி. வந்துருந்தா நான் இதப் பண்ணுவேனா? அம்மா உன்னையே நெனச்சி நெனச்சி..." பெரியதம்பியின் கண் கூட்டத்தில் தேடியது. பின்வரிசையில் நின்ற கண்ணையன்மேல் போய் நின்றது. ஒரே பாய்ச்சலில் போய்க் காக்கிச் சட்டையைப் பிடித்தான். "எங்கடா கார்டு? எந்தக் குட்டையில தூக்கிப்போட்ட? என் அம்மா உசுருடா அது."

"நான் குடுக்க வேண்டியவங்க கையில குடுத்துட்டேன்" என்றார் கண்ணையன். அதற்குமேல் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அம்சா இருக்கிற பக்கம் திரும்பவும் இல்லை. பெரியதம்பி அவரை அறைந்தான். தலைப்பாகை கழன்று மண்ணில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது மறுபடி அறைந்தான்.

மறைப்புக்குக் கட்டின சேலைக்குப் பின்னாலிருந்து அம்சா எழுந்து வெளியே வந்தாள். இன்னும் நேரம் ஆகவில்லை, போகாதே என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு நேரே புருஷன் எதிரில் போய் நின்றாள். கண்டோன்மெண்ட் வீட்டில் பூவும் பொட்டுமாகப் பார்த்தவளை அவன் அப்போதுதான் வெள்ளைச் சேலையில் பார்த்தான். அவன் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். இப்படி ஒரு முகத்தைத்தான் அவள் கிழவியிடம் பார்க்க ஆசைப்பட்டிருந்தாள்.

"அவர உடுங்க மாமா. கார்டு வந்துது" என்றாள்.

இடுப்பிலிருந்து எடுத்தாள். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரில் நனைத்துத் தாலிக்கயிறு வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் கார்டை வைத்தாள்.

"எனக்கு அறுத்து நாலு மாசம் கழிச்சி வந்துது. வேணும்னுதான் சொல்லல. நீங்க வந்து நிக்கும்போது இவங்க எல்லாரும் பாக்கணும்னு வெச்சிருந்தேன்."

தேவநாதன் கார்டை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா?" என்றான். "அம்மா பாத்துச்சா?"

"பாத்தாங்க. கையில வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கினாங்க. மருந்துச் சீட்டுன்னு சொல்லிக் குடுத்தேன்."

அம்மணி மடியில் விரித்திருந்த துணியை மெல்லச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பெரியதம்பியின் கை கண்ணையன் சட்டையிலிருந்து தானாகவே நழுவியது. பூசாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரம் போகிறதே என்ற நினைப்பில் தாலிக்கயிற்றை எடுத்துத் தேவநாதன் கையில் திணித்துவிட்டு, "தலையக் குனிம்மா" என்றார்.

அம்சா குனிந்தாள். இந்தமுறை யாரும் கொண்டையைப் பிடிக்கவில்லை. சேலை விலகி, கழுத்தில் அரிவாள் கீறின தழும்பு தெரிந்தது. அவன் கையில் கயிறு தொங்கியது. அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகக் கார்டின்மேல், அவன் கையால் எழுதி நிரப்பியிருந்த 'அம்மா' என்ற அந்த ஒரு சொல்லின்மேல், விழுந்து பரவிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்தபடியே நின்றாள்.